கல்வி கன்சல்டன்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, திருச்சி, மதுரை என ஊருக்கு ஊர் வெளிநாட்டுக் கல்வி கன்சல்டன்சி நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க மாணவர் விசாவுக்காக நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் டி.எஸ்.-160 படிவத்தைப் பற்றியது இந்த மடல். "ரிஜெக்ட் ஆனால் என்ன, அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம்" என்று மாணவர்களுக்குத் தைரியம் சொல்கிறீர்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் அது உண்மைதான். படித்து முடித்ததும் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு வரவில்லை, அவ்வளவே. மறுபடியும் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஆனால் முக்கியமான ஒன்றில் தெரிந்தே பொய் சொன்னார் என்று அதிகாரி முடிவு செய்தால், அதே சட்டத்தில் அமெரிக்காவுக்குள் நுழையவே தடை போடும் 212(ஏ)(6)(சி) பிரிவு பாயும். அதற்குக் காலவரம்பு இல்லை. 22 வயதில் விழுந்த தடை 50 வயதிலும் அப்படியே நிற்கும். வழக்கும் தீர்ப்பும் தேவையில்லை, கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியின் முடிவே போதும்.

இந்த வேறுபாட்டை மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லாமல் படிவத்தை "சரிசெய்து" தருவது பெரிய தவறு என்று நினைக்கிறோம். ஏனென்றால், பெரும்பாலும் மறைக்கப்படுவது விசாவைக் கெடுக்கும் விஷயமே அல்ல. அண்ணன் அமெரிக்காவில் இருப்பதை மறைக்கிறீர்கள். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு "இல்லை" போடுகிறீர்கள். அந்த மறுப்பு கைரேகையோடு சேர்ந்து அவர்களுடைய கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. யாராவது தன் பெயரில் குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வியும் அப்படித்தான். பத்து வருடம் முன்பு சித்தப்பா அப்பாவுக்காகப் போட்ட மனுவில் பிள்ளையின் பெயரும் இருந்திருக்கலாம். வீட்டில் கேட்காமல் "இல்லை" என்று தட்டிவிடாதீர்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் அதிகபட்சம் 214(பி)யோடு முடிந்திருக்கும்.

பணம் காட்டும் விஷயம் இன்னும் மோசம். தரகரிடம் வட்டிக்கு வாங்கி, சில வாரங்களுக்கு மட்டும் அப்பா கணக்கில் போட்டு எடுக்கும் ஸ்டேட்மென்ட்டில் வங்கி முத்திரை உண்மையானதுதான். ஆனால் "இது யார் பணம்?" என்று கேட்டதும் "அப்பாவின் சேமிப்பு" என்று பிள்ளை சொன்னால், அந்த வாக்கியம்தான் பொய். அதுவும் உண்மையைச் சொல்வதாக உறுதிமொழி எடுத்துவிட்டுச் சொல்லும் பொய். கல்விக் கடன் ஒப்புதல் கடிதத்தைத் தூதரகம் ஏற்கும்போது இந்தக் கூத்து எதற்கு? அரியரை அழித்த மதிப்பெண் பட்டியலும், வேலையே பார்க்காத நிறுவனத்தின் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் போலி ஆவணங்கள். அவற்றுக்கு விசா தடையோடு இங்கே போலீஸ் வழக்கும் சேர்ந்து வரும்.

"கன்சல்டன்சிதான் நிரப்பியது, எனக்குத் தெரியாது" என்று மாணவர் சொல்லித் தப்புவது மிகக் கடினம். படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்வி டி.எஸ்.-160-இலேயே இருக்கிறது. அதற்கும் "இல்லை" போட்டுவிடுகிறீர்கள். கடைசியில் கையொப்பமாக நிற்பது மாணவரின் ஒப்புதல்தான். எழுத்துப்பிழை போன்ற நேர்மையான தவறு இந்தப் பிரிவில் வராது, ஆனால் எது தவறு, எது திட்டமிட்ட பொய் என்று நேர்காணல் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு பிள்ளை எப்படி விளக்கும்?

தடைக்கு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். தற்காலிக விசாவுக்கு 212(டி)(3) விலக்கு கேட்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், கிடைப்பது அதிகாரிகளின் விருப்பம். கிரீன் கார்டுக்கு ஐ-601 என்ற விலக்கு மனு போடுவதென்றால், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவர், மனைவி, பெற்றோர் இவர்களில் ஒருவருக்குக் கடுமையான இன்னல் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். அங்கேயே பிறந்த சொந்தக் குழந்தைகூட இந்தப் பட்டியலில் இல்லை.

விசா மோசடி அமெரிக்கக் குற்றவியல் சட்டத்திலும் வரும். 1546-ஆம் பிரிவில் சாதாரண வழக்குக்கே 10 ஆண்டு வரை சிறை. ஆள் சேர்ப்பவர்களையும் சட்டம் விடாது. விசா மோசடிக்காரர்களைப் பிடிக்க மிச்சிகனில் அமெரிக்கக் குடிவரவுத் துறையே ரகசியமாக நடத்திய போலி ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அதற்கு மாணவர் பிடித்துக் கொடுத்த 8 பேர் 2019 ஜனவரியில் கைதானார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பதும் சுலபமல்ல. தவறான தகவலுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, பிரிட்டனில் 10 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டு. கைரேகைத் தகவலை இந்த நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

உங்களிடம் கேட்பது இதுதான். சமர்ப்பிக்கும் முன் முழுப் படிவத்தையும் அச்செடுத்து மாணவர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் விளக்கி, அவர் சொல்லும் பதிலையே போடுங்கள். உதவியவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். விசா விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டையும் சமர்ப்பித்த பிரதியையும் அவரிடமே விடுங்கள், கட்டண பாக்கிக்காகப் பிடித்து வைக்காதீர்கள்.

ஏற்கெனவே பொய்யோடு போய்விட்ட படிவம் இருந்தால் இன்றே அந்த மாணவரை அழைத்துச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு முன் சரியான விவரத்தோடு புதிய டி.எஸ்.-160 சமர்ப்பித்து, அதன் எண்ணை அப்பாயின்ட்மென்ட்டோடு இணைக்க வேண்டும். நாள் நெருங்கிவிட்டால், அதிகாரி கேட்பதற்கு முன் மாணவர் தானாகவே திருத்திச் சொல்ல வேண்டும். அதிகாரி ஆதாரத்தை எடுத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொள்வதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிக்கு,
விசா ஆவணப் பணியில் இருக்கும் நண்பர்கள்