கரும்பச்சைக்கும் பழுப்புக்கும் கண் கொடுத்தவர்களுக்கு

வணக்கம்.

1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று போன மாதம் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஆர்.சி. புதுப்பித்துக்கொண்டு வீடு வந்தது. கையெழுத்துப் போட்டவன் நான். உழைத்தவர்கள் வேறு பலர். அவர்களில் பாதிப் பேர் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

வாங்கும்போது அது வண்டியாக இல்லை. சேஸிஸ் தனி, எஞ்சின் தனி, மீதியெல்லாம் சிமெண்டுச் சாக்குகளில். பெயிண்ட் அடிப்பதற்காகப் பிரித்துப் போட்டவர் காலமாகிவிட, அவர் மகன் எல்லாவற்றையும் பரணில் ஏற்றி வைத்திருந்தார். போல்ட் நட்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஆர்.சி. புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த அந்த நண்பருக்கு முதல் நன்றி. புத்தகம் இல்லாதிருந்தால் இது வெறும் பழைய இரும்பு.

எஞ்சின் வேலைக்கு ஆள் கிடைத்துவிடும். சிலிண்டரைக் கடைந்து போர் போட, பிஸ்டன் மாற்ற ஊருக்கு ஊர் லேத் உண்டு. வயரிங் என்றால்தான் மெக்கானிக்குகள் ஒதுங்குவார்கள். "பிரிச்சுப் போட்ட வண்டி சார், அத நோண்டுனா மத்த வேலை கெட்டுடும்" என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்க உட்கார்ந்து தேட வேண்டிய வேலை, கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்றால் எனக்கு நிறக்குருடு. கரும்பச்சையும் பழுப்பும் என் கண்ணுக்கு ஒன்றுதான். யமஹா வயரிங்கோ நிறத்தில்தான் பேசும். சிவப்பு பேட்டரியில் இருந்து நேராக வருவது. பழுப்பு, சாவி போட்ட பிறகு வரும் கரண்ட். சாக்லேட் நிறம் இடது இண்டிகேட்டர், கரும்பச்சை வலது. கறுப்பு எர்த், அதாவது கரண்ட் வண்டியின் பாடி வழியாகத் திரும்பும் வழி. இதில் நான் தெளிவாகப் பார்ப்பது கறுப்பை மட்டும். லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் லைசென்ஸ் எடுக்கலாம் என்று 2020 ஜூன் மாதம் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நான் லைசென்ஸ் எடுத்ததே அதற்குப் பிறகுதான். வயர் நிறத்துக்கு அப்படி யாரும் விதியைத் திருத்தித் தரவில்லை.

என் மனைவிக்கு என்ன சொல்லி நன்றி எழுதுவது என்று தெரியவில்லை. ஹாலில் பாயை விரித்து, அதன்மேல் வயரிங் செட்டை முழு நீளத்துக்குக் கிடத்தி, டியூப் லைட்டை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். புடவைக் கடையில்கூட வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்க்காமல் அவள் எடுக்க மாட்டாள். முப்பது வருட எண்ணெய்ப் பிசுக்கை ஒவ்வொரு முனையிலும் துணியால் துடைத்துத் துடைத்து, "இது புளி கலர், இது காப்பிக்கொட்டை, இது முருங்கைக்கீரை" என்று பிரித்துக்கொண்டே போனாள். எட்டாவது படிக்கும் அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சீட்டில் எழுதி ஒட்டினாள். இரண்டு முனையிலும் ஒரே சீட்டு. அன்றிலிருந்து எனக்கு வயரைப் பார்க்க வேண்டிய வேலை இல்லை, படித்தால் போதும்.

அந்த செட் வந்த கதைக்கு சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் பாய்க்கு நன்றி சொல்ல வேண்டும். எழும்பூரில் ரயில் இறங்கி நடந்தேன். கடை வாசலில் பளபளவென்று புது வயரிங் கிட் தொங்கியது. அதைத்தான் கேட்டேன். எடுத்துத் தந்து காசு வாங்கியிருக்கலாம். அவர் ஒரு முனையைச் சீவி, உள்ளே இருந்த இழையைப் பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு, சுரண்டிய இடத்தில் வெள்ளை. "அலுமினியம் தம்பி. மேல முலாம் பூசியிருக்கான். கொஞ்ச நாள் ஆட்டத்துல முறிஞ்சிடும்." பிறகு மாடியில் ஏறி, உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய ஒரிஜினல் செட்டைத் தூசியோடு கொண்டுவந்தார். வயர்களைக் கோர்க்கும் கப்ளர்களில் ஒன்றுதான் உடைந்திருந்தது. தன் சரக்கையே வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எஞ்சின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயில் பிளேட் யாரோ எப்போதோ மாற்றியது. அதிலிருந்து வரும் வயர்களின் நிறத்துக்கும் செட்டின் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது கண் சரியாக இருப்பவர்களையும் கவிழ்த்துவிடும். எதிர்வீட்டு ஐயா டி.வி. ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர். மல்டிமீட்டரோடு வந்து, நிறத்தைப் பார்க்கவே வேண்டாம் என்றார். லைட்டுக்கான காயில் தடித்த கம்பி, குறைந்த சுற்று, அதனால் ஓம்ஸ் மிகக் குறைவாகக் காட்டும். இக்னிஷன் காயில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, ஏகப்பட்ட சுற்று, அதைவிடப் பல மடங்கு காட்டும். அளந்து அளந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். ஐயா, அன்றைக்கு நீங்கள் பார்க்காமல் விட்ட சீரியலுக்கு நான் பொறுப்பு.

தெருமுனைத் தம்பிக்கும் நன்றி. தன் ஆர்எக்ஸை அவன் யாரையும் தொடவிட மாட்டான், ஸ்டாண்ட் போடக்கூட அவனே வருவான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்லைட் டூமை, அதாவது விளக்கின் பின்பக்கக் கிண்ணத்தைக் கழற்றி, எது எதோடு சேர்கிறது என்று போட்டோ எடுக்க விட்டான். வண்டியின் பாதி முடிச்சுகள் அந்த டூமுக்குள்தான் இருக்கின்றன.

இனி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேட்டரி கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு வருகிறேன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

எல்லாம் பூட்டி முடித்து உதைத்தால் பிளக்கில் பொறி இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பொறியை நேரம் பார்த்து அனுப்பும் சிடிஐ பெட்டி போய்விட்டது என்றார்கள். அண்ணன் வந்து உட்கார்ந்தார், சிடிஐயில் இருந்து வெளியே வரும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயரை உருவினார், "இப்ப உதை" என்றார். பிளக்கில் நீலமாகப் பொறி அடித்தது. இந்த வண்டியில் பொறிக்குப் பேட்டரி தேவையில்லை, மேக்னட்டே கொடுத்துவிடும். சாவியை அணைத்தால் கரண்ட் நிற்பதில்லை, அந்தக் கோடு போட்ட வயர் எர்த்தில் சேர்கிறது, அதனால் எஞ்சின் அணைகிறது. ஆக, அந்த வயர் வழியில் எங்கே பாடியில் உரசினாலும் சாவி அணைத்த மாதிரிதான். டேங்க்குக்கு அடியில், ஹேண்டில் கழுத்துப் பக்கம் கிளாம்ப் விளிம்பு அதைக் கடித்து வைத்திருந்தது. ஸ்லீவ் போட்டு, இரண்டு பக்கமும் ஹேண்டிலை முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் டேப் சுற்றவிட்டார்.

அடுத்தது ஆக்சிலேட்டர் கொடுத்தால் பல்பு பியூஸ் ஆவது. அண்ணன் சேஸிஸைத் தடவிப் பார்த்து, "பெயிண்ட் அழகாத்தான் இருக்கு, அதான் வம்பு" என்றார். பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது. ரெகுலேட்டர் அதிகப்படி கரண்டை எர்த்தில் இறக்க வேண்டியது, இறங்க வழியில்லாமல் பல்பில் போய் விழுகிறது. போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் எமரி பேப்பரால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். புது பெயிண்டைச் சுரண்டும்போது என் வயிறு எரிந்தது உண்மை. அதன் பிறகு ஒரு பல்பும் போகவில்லை.

ஹாரன் விஷயம்தான் எனக்குப் பெரிய பாடம். மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஹாரனோ முனகுகிறது. அண்ணன் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்த டெஸ்ட் லேம்பை எடுத்தார். மங்கலாக எரிந்தது. "மீட்டருக்கு ஒத்த இழை போதும்பா. பல்புக்குத் தீனி வேணும்." அந்த இடத்தில் வயரின் தோலை உரித்தால் இழைகள் எல்லாம் பொடிந்து, இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. பச்சைக் களிம்பு என்றார், எனக்கு அது அழுக்கு மாதிரிதான் தெரிந்தது. என் சீட்டுகளைப் படித்துச் சிரித்தவர், கொஞ்ச நேரத்தில் "அந்தப் புளிய எடு, முருங்கைய விடு" என்று அவரும் அதே பாஷையில் இறங்கிவிட்டார்.

டூ ஸ்ட்ரோக் புகையையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், துணி காயப்போட்ட நாளில் மட்டும் ஸ்டார்ட் செய்யாதே என்று கேட்டுக்கொண்ட மாடிவீட்டு அம்மாவுக்கும் நன்றி. எஃப்.சி. நாளில் ஆய்வாளர் ஹாரனை அமுக்கி, பிரேக் லைட்டையும் நாலு இண்டிகேட்டரையும் பார்த்து, டிக் போட்டு அனுப்பினார்.

அக்கா மகள் வரைந்த வயரிங் படத்தை ஜெராக்ஸ் எடுத்து பேட்டரி கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். ஆர்எக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டு முழிப்பவர்கள் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புளி, முருங்கைக்கீரை என்ற நிறப் பெயர்களும் அடியில் எழுதியிருக்கிறது.

அண்ணே, ஒரு விஷயம். ஐடிலில் நிற்கும்போது இடது இண்டிகேட்டர் இன்னும் மெதுவாகத்தான் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா? இந்த முறை கூலி வாங்கிக்கொள்வதாக இருந்தால்தான் வண்டியைக் கொண்டுவருவேன்.

நன்றியுடன்,
செங்கல்பட்டிலிருந்து ஓர் ஆர்எக்ஸ்காரன்