147 + 3

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் ஆத்தாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. ரிசல்ட் வந்த நாளிலிருந்து நீ போனை எடுக்காமல், "நல்லா இருக்கேன்" என்று மட்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். சி.ஏ. ஃபைனல் முதல் குரூப்பில் மூன்று தாளிலும் 40-ஐத் தாண்டியிருக்கிறாய்: 52, 54, ஆடிட்டிங்கில் 41. கூட்டினால் 147, வேண்டியது 150. மூன்று மதிப்பெண்ணுக்காக ஒரு குரூப்பே போய்விட்டதே என்று உனக்கு வயிறு எரியும். எனக்கும் எரிகிறது; அதை இல்லையென்று சொல்லித் தேற்ற நான் வரவில்லை.

என் ஐயா வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பலேறி, 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது நடந்தே ஊர் திரும்பிய கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். அது வேண்டாம். திரும்பி வந்து இங்கே ஒரு ஜவுளிக்கடையில் அவர் கணக்கெழுதிய காலத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். ஒரு வருஷம் ஐந்தொகையில் பற்றும் வரவும் சேராமல் 63 ரூபாய் உதைத்தது. நான் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினேன். ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தி, 63-ஐ ஒன்பதால் வகுத்தார். மீதியில்லாமல் ஏழு வந்தது. "இலக்கம் இடம் மாறியிருக்குடா. ரெண்டு இலக்கத்துக்கும் ஏழு வித்தியாசம் இருக்கிற தொகையா பாரு" என்றார். கால் மணி நேரத்தில் அகப்பட்டது: அன்றாடச் சிட்டையில் 92 என்றிருந்த ஒருவருடைய பற்று, பேரேட்டில் 29 என்று ஏறியிருந்தது. ஒன்பதால் வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, பற்றில் ஏற வேண்டியது வரவில் ஏறியிருக்கிறதா என்று தேடுவார். எப்படியும் தூங்கப் போவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்; பேரேட்டைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்வளவு பார்த்து வளர்ந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? சி.ஏ. இண்டர் இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவையும் போனதும், எந்தத் தாள் என்னைக் கவிழ்த்தது என்றுகூடப் பார்க்காமல் மார்க் ஷீட்டை நாலாக மடித்து அலமாரியில் துணிக்கடியில் வைத்துவிட்டேன். படிப்பு ஏறவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வெட்கத்தில் விட்டேன், ஆத்தா. ஐயாவின் வித்தையை ஊரார் கணக்குக்கெல்லாம் போட்டுப் பார்த்தவன், என் கணக்குக்குப் போடவில்லை.

ஆகவே அழுது முடித்தபின், நாள் கடந்து போவதற்குள், இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டி ஆடிட்டிங் விடைத்தாளின் நகலை வாங்கு. அந்த 41 எங்கே விழுந்தது என்று கேள்வி கேள்வியாகப் பார். தெரியாமல் விட்டதா, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டதா, அல்லது ஆடிட்டிங் தரநிலையைச் சுட்டி எழுத வேண்டிய இடத்தில் பொதுப்படையாகக் கதை எழுதியதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதென்றால் படிக்க வேண்டும், இரண்டாவதென்றால் கடிகாரத்தை வைத்து எழுதிப் பழக வேண்டும், மூன்றாவதென்றால் நடையை மாற்ற வேண்டும். எதுவென்று பாராமல் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிப்பது, நான் பேரேட்டைப் புரட்டிய மாதிரிதான். அடுத்த தேர்வுக்கே உட்கார வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், விடைத்தாளைப் பார்த்துவிட்டு நீயே முடிவு செய்.

உன் அம்மா பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். அது அவள் கணக்கு, அதில் நான் தலையிடுவதில்லை. சீப்புச் சீடையும் மணகோலமும் பார்சலில் வருகின்றன. நகல் வந்ததும் ஊருக்கு எடுத்து வா. ஆடிட்டிங் எனக்கு மறந்து போய்விட்டது, ஆனாலும் முகப்பில் ஐயாவின் கணக்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். என் பழைய மார்க் ஷீட்டையும் தேடி எடுத்துவிட்டேன். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

அன்புடன்,
அப்பச்சி