சர்க்கரையின் நிறத்தைப் பார்த்துத் தீர்வை எண் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணிகப் பக்கங்களில் சர்க்கரை ஏற்றுமதி, இறக்குமதி பற்றிய செய்திகளைப் பார்க்கும்போது, வெள்ளையாக இருந்தால் சுத்திகரித்தது, பழுப்பாக இருந்தால் கச்சா என்ற கணக்கிலேயே எழுதுகிறார்கள் என்று தெரிகிறது. சாப்பிடுகிறவருக்கு அது போதும். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் இதையே நம்பி இன்வாய்ஸில் தீர்வை எண்ணை, அதாவது சுங்கத் தீர்வையை முடிவு செய்கிற சரக்கு வகை எண்ணை, போட்டுவிடுகிறார்கள், அப்புறம் சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறுகிறது, வித்தியாசத் தீர்வை கேட்டு நோட்டீஸ் வருகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

சர்க்கரைக்கு இயல்பாக உள்ள நிறம் இங்கே கணக்கிலேயே வராது. உலக சுங்க அமைப்பின் ஹார்மனைஸ்டு சிஸ்டத்தில், அதாவது நாம் எச்.எஸ். கோடு என்று சொல்வதில், கரும்புச் சர்க்கரையும் பீட் சர்க்கரையும் திட வடிவில் இருந்தால் 1701 என்ற தலைப்புக்குள் வரும். அதற்குள் கச்சாவை மற்றதிலிருந்து பிரிக்கிற எல்லை 99.5. உலர்ந்த நிலையில் உள்ள சுக்ரோஸ் அளவுக்கு, அதை ஒளியால் அளக்கிற போலாரிமீட்டர் என்ற கருவி 99.5 டிகிரிக்குக் கீழே காட்டினால் கச்சா. 99.5 அல்லது அதற்கு மேல் காட்டினால், எவ்வளவு பழுப்பாக இருந்தாலும் அது கச்சா இல்லை, 1701.99-க்குப் போய்விடும். மணமோ நிறமோ தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும் 1701.91. ஆலையில் சுத்திகரித்தார்களா, இல்லையா என்று இந்த விதி கேட்பதே இல்லை.

'உலர்ந்த நிலையில்' என்ற அந்தச் சொற்களைத்தான் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ஆய்வகச் சான்றிதழில் மாதிரி வந்தபடியே அளந்த 'போல்', அதாவது போலாரிமீட்டர் அளவு, 99.4 என்று இருக்கிறது, ஈரப்பதம் 0.2 சதவீதம் என்று அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியை மட்டும் பார்ப்பவர் கச்சா என்று எழுதுவார். ஈரத்தைக் கழித்துப் பாருங்கள்: 99.4-ஐ 99.8-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 99.6 வருகிறது. எல்லையைத் தாண்டியாகிவிட்டது. இறக்குமதி நாட்டின் சுங்க ஆய்வகம் இந்தக் கணக்கைப் போடாமல் விடாது. போல் அளவு 90, 95 என்று இருக்கிற சரக்கில் இதனால் எதுவும் மாறாது. 99-க்கு மேல் வருகிற வி.எச்.பி. (மிக உயர் போல்) போன்ற கச்சாச் சர்க்கரையில்தான் இந்தச் சின்ன ஈரம் தீர்வையையே புரட்டிப் போட்டுவிடும், அதனால் அப்படிப்பட்ட சரக்குக்கு இரண்டு அளவையும் தனித்தனியாக எழுதி வாங்காமல் ஆவணம் தயாரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குழப்பம் ஐகம்ஸா 45, ஐகம்ஸா 150 என்ற எண்கள். அவை கரைசலின் நிறத்தை அளப்பவை, வாங்குபவரும் விற்பவரும் தரத்துக்காகப் பேசிக்கொள்பவை. லண்டன் முன்பேரச் சந்தையின் 5-ஆம் எண் வெள்ளைச் சர்க்கரை ஒப்பந்தம் குறைந்தது 99.8 போல், அதிகபட்சம் 45 ஐகம்ஸா என்று இரண்டையும் கேட்கிறது. நியூயார்க் 11-ஆம் எண் கச்சா ஒப்பந்தத்துக்கு அடிப்படை 96 போல். நாளிதழ்களில் வருகிற உலக விலைகள் பெரும்பாலும் இந்த இரண்டுதான். ஆனால் 1701-ல் கச்சாவைப் பிரிக்கிற இடத்தில் ஐகம்ஸா என்ற பேச்சே கிடையாது.

நிறத்தை நம்பி ஏமாந்த கதை பழையது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் டச்சு தர அளவு என்று எண் போட்ட மாதிரிகளை வைத்து, சரக்கின் நிறத்தை அவற்றோடு ஒப்பிட்டுத் தீர்வை போட்டார்கள். வெளுப்பு கூடக் கூடத் தீர்வையும் கூடும். விளைவு என்ன? சுக்ரோஸ் அதிகமுள்ள நல்ல சர்க்கரையை வேண்டுமென்றே கருப்பாக்கி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, சட்டம் நிறம் என்று சொன்னால் கண்ணுக்குத் தெரிகிற நிறம்தான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு 1883-ல் சட்டத்தையே மாற்றிப் போலாரிமீட்டர் வகைக் கருவியான போலாரிஸ்கோப் சோதனையைக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு பட்டுத் தெளிந்த விஷயத்தில் இன்றைக்கும் நிறத்தையே பேசிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. கற்கண்டை மிட்டாய் என்று நினைத்து 1704-ல் போடுகிறார்கள், அது 1701-ஐ விட்டு எங்கும் போகாது. அதே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துத் திரவமாக அனுப்பினால் 1702. 1701.11 என்ற பழைய எண்ணை இன்னும் படிவங்களில் பார்க்க முடிகிறது, 2012 திருத்தத்திலேயே அது 1701.13, 1701.14 என்று பிரிந்துவிட்டது. மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றாமல் எடுத்த, 69 முதல் 93-க்குக் கீழ் வரை போல் உள்ள கரும்புச் சர்க்கரைக்கு முதல் எண், மற்ற கச்சாக் கரும்புச் சர்க்கரைக்கு இரண்டாவது.

முதல் ஆறு இலக்கம்தான் எல்லோருக்கும் பொது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் சுத்திகரிப்புக்கு வருகிற கச்சாவுக்குத் தனி எண் வைத்திருக்கிறது, அமெரிக்கா, போலாரிமீட்டர் டிகிரி குறையக் குறையத் தீர்வையையும் குறைக்கிறது. ஆகவே அனுப்புகிற நாட்டின் எட்டு இலக்கத்தை அப்படியே வாங்குகிற நாட்டின் படிவத்திலும் எழுதுவது சரிப்படாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்க்கரைச் செய்தி போடும்போது வெள்ளை, பழுப்பு என்று மட்டும் எழுதாமல் ஆறு இலக்க எண்ணையும், தெரிந்தால் போல் அளவையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
சுங்க ஆவணப் பணியில் உள்ள ஒரு வாசகர்