வெந்தயம் என்று சொன்னது நான் இல்லை

அண்ணா,

வாட்ஸப்பில் அனுப்பினால் நீ திறக்க மாட்டாய். அண்ணி படித்துக் காட்டினால் பாதியிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி பேசினார். கடையை மூடிவிட்டாயாம். 2021 மே மாதம் உனக்குக் காய்ச்சல் என்று தெரியும், தினமும் கேட்டேன், "நல்லா இருக்கேன்" என்று ஒற்றை வரி போட்டாய். காய்ச்சலோடு போன வாசனை இன்றுவரை திரும்பவில்லை என்பதை நாலு வருஷமாக எனக்கு மட்டும் சொல்லவில்லை. அண்ணியிடம் சத்தியம் வாங்கினாயாம். அதிமதுரத்தை மூக்கருகே வைத்தாலும் வசம்பை வைத்தாலும் இப்போது உனக்கு ஒன்றுதானாம், வெறும் கட்டை. பூசணம் பிடித்த சுக்கு மூட்டையை யாரோ உன் தலையில் கட்டிவிட்டார்களாம். மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்க்காமல் சரக்கு எடுக்காதவன் நீ.

போனை வைத்ததும் எனக்கு நம் கடை ஞாபகம் வரவில்லை. பிரான்ஸில், ஜுராவில் அந்த ஒயின் நிலவறைதான் வந்தது.

இந்த அக்டோபரோடு ஏழு வருஷம் ஆகிறது. அந்த ஆறு நாளையும் உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்று நீ டாஷ்போர்டில் ஒட்டிவைத்த சீட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோறு, எல்லாம் உனக்கே தெரியும். ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்: ஓட்டச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. ஒயின் படிப்புத் தேர்வுக்கு முன்னால் ரோன், பர்கண்டி, ஜுரா, அல்சாஸ் என்று ஒயின் விளையும் பகுதிகள் நாலையும் நான் நேரில் பார்த்தாக வேண்டும், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த நாட்டில் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் சாராயம் இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது. ருசி பார்த்துவிட்டுத் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், ஒரு நாளைக்கு முப்பது கோப்பை என்றால் சும்மா இல்லை. "நான் ஓட்டுறேன் பாப்பா. நான்தான் குடிக்க மாட்டேனே" என்றது நீ.

அப்பாவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். நமக்குத் தெரிந்தது நம்மோடு இருக்கட்டும். அந்த வாசத்தில் வளர்ந்த இரண்டு பேரில் நீ ஒரு சொட்டும் தொடாதவன் ஆனாய், நான் அதையே தொழிலாக எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதல் நாள், ‘தான் லெர்மிதாஜ்’ என்ற ஊர். ரோன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் செங்குத்து மலைச்சரிவு. வாளியில் எல்லோரும் துப்புவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். எச்சில் என்றால் உனக்கு எப்படி என்று எனக்குத் தெரியாதா? அப்புறம் என் கோப்பையை வாங்கி, சும்மா, முகர்ந்தாய். "மிளகு பாப்பா. வால்மிளகு இல்ல, நல்ல மிளகு" என்றாய். நீ விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து விட்டுவிட்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. ரோட்டண்டோன் என்று ஒன்று, அந்த ஒயினுக்கான சிரா திராட்சையின் தோலில் இருக்கிறது. மிளகுக்கு மிளகு வாசம் கொடுப்பதும் அதேதான். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். உனக்கு அது ஒரே மூச்சில் தெரிந்துவிட்டது.

பர்கண்டியில் புதுப் பீப்பாயில் கிடந்த பினோ நுவார் ஒயினை முகர்ந்து கிராம்பு என்றாய். அதுவும் சரி. வாட்டிய ஓக் மரத்திலிருந்து யூஜெனால் ஒயினில் இறங்கும். பல் வலிக்கு நீ கொடுக்கிற கிராம்புத் தைலத்தில் இருப்பதும் அதுதான். நான் ஒரு மடக்கு வாயில் வைத்து முகம் சுளித்ததைப் பார்த்தே "கடுக்காய் மாதிரி பிடிக்குதா?" என்று கேட்டாய். அதை விளக்க இங்கே வகுப்பில் ஒரு முழு மதியம் செலவழித்தார்கள். துவர்ப்பு என்று நமக்கு ஒரே சொல்லில் இருக்கிறது.

மூன்றாம் நாள் பர்கண்டியில் போன் என்ற நகரத்தில் ஒரு நிலவறையில் நல்ல கூட்டம், வாளி எனக்கு எட்டவில்லை. வாயில் ஒயினை வைத்துக்கொண்டு தவித்தேன். நீ ஒரு காகிதக் கோப்பையை என் தாடைக்குக் கீழே நீட்டினாய். துப்பினேன். அடுத்ததற்கும் நீட்டினாய். அன்று முழுக்க என் எச்சிலை நீதான் கையில் வைத்துக்கொண்டு நின்றாய், அம்மாவுக்குக் கடைசி மாதத்தில் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியே. நான் ஒரு நன்றி சொல்லவில்லை. அண்ணனுக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம் வீட்டில் ஏது?

மறுநாள் ஜுராவில் ஆர்புவா பக்கம்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு ஏற்பாடு செய்திருந்தவர்தான் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தவர். பாரிஸிலிருந்து இரண்டு பேரை அழைத்து வந்திருந்தார். காலையிலிருந்தே என் கை சில்லிட்டிருந்தது. நீ என்ன செய்தாய் என்றால், நிலவறை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அக்டோபர் குளிரில், வெறுங்காலோடு சரளைக்கல்லில் நடந்து வந்தாய். உனக்கு அது ஒருவர் வீட்டுக்குள் நுழைவது. அவர்கள் மூன்று பேரும் உன் கால்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குதிகால் வெடிப்பில் கடை மஞ்சள் ஏறி நிரந்தரமாகிவிட்ட கால்.

நிலவறைக்காரரான அந்தப் பெரியவர் பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் ஒயினை எடுத்தார். மற்ற ஊர்களில் பீப்பாயில் குறைவதை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், வான் ஜோன் என்கிற இந்த மஞ்சள் ஒயினுக்கு நிரப்புவதில்லை, மேலே ஈஸ்ட் மெல்லிசாகப் படர்ந்து மூடிக்கொள்ளும் என்றார். நான் தமிழில் சொன்னேன். "பாலேடு மாதிரியா?" என்று கேட்டாய். ஆமாம், அப்படித்தான். ஆறு வருஷம் மூன்று மாதம் அப்படியே கிடக்கும். லிட்டருக்கு 62 சென்டிலிட்டர்தான் மிஞ்சும் என்று கணக்கு, அதனால்தான் அதன் குட்டை பாட்டிலும் 62 சென்டிலிட்டர் அளவு. அவர் உன் கையிலும் ஒரு கோப்பையைக் கொடுத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். மூச்சை உள்ளே இழுத்தாய், விட்டாய், மறுபடி இழுத்தாய். கடையில் சரக்கு பார்க்கும்போது உன் மூக்கு நுனி லேசாக விரியும், அது விரிந்தது.

"வெந்தயம்" என்றாய் என் காதில். "வறுத்தது. கருகறதுக்கு ஒரு நொடி முன்னால எடுத்தது."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். நீ சொன்னதாக இல்லை. நான் கண்டுபிடித்ததாக.

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் எல்லாம் வால்நட் என்பார்கள், கறிப்பொடி என்பார்கள், இந்தப் பெண் சரியாக வெந்தயம் என்கிறாள் என்று அவர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். சோட்டலோன் என்று அதற்குப் பெயர், வெந்தயத்திலும் அதேதான் இருக்கிறது என்றார். எனக்கு வேலை தரப்போகிறவர் என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பெரியவர் உன்னைக் காட்டி, மரியாதையாகத்தான், ஐயா யார் என்று கேட்டார்.

"ஷோஃபர்" என்றேன்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் ஊர் சொல்தா தாத்தாக்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அப்படி வளராதவனுக்கும் அந்தச் சொல் புரியும். கோப்பையைப் பீப்பாய் மேல் வைத்தாய், சத்தம் வராமல். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாய். நான் வந்தபோது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "அடுத்து எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டாய். பாப்பா என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

பொய் சொல்லவில்லை, நீ ஓட்டிக்கொண்டுதானே வந்தாய் என்று எனக்கு நானே எத்தனையோ ராத்திரி சொல்லிப் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. ஒரு பெண், கறுப்பாக, புதுச்சேரியிலிருந்து வந்தவள், அந்தத் தொழிலில் ஒரு வாசல் திறப்பதற்கு என்னவெல்லாம் பட்டாள் என்று உனக்குத் தெரியாது. அது காரணம். நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணா, நீ என்ன செய்தாய்? பெரியப்பா பையன் கல்யாணத்தில் மண்டபம் முழுக்க "தங்கச்சி லியோன்ல ஹோட்டல்ல இருக்கா" என்று சொல்லிக்கொண்டு போனாய். நான் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தேன். நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் பிராந்திக் கடைதான், நீ வேறெப்படிச் சொல்வாய் என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மா திதிக்கு அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினாயே, அதற்கு என்ன சமாதானம்? அது எந்தப் பணம் என்று நினைத்தாய்? ஊரார் முன்னால் நீ என்னை மறைத்தாய். நான் உன்னை மறைத்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவைக்கு ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாய்.

இதைக் கோபத்தில் எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

அல்சாஸில் 170 கிலோமீட்டர் ஒயின் சாலையை முழுக்க நீதான் ஓட்டினாய். ஒரு இடத்திலும் இறங்கவில்லை. கொல்மாரில் கெவுர்ஸ்திராமினர் ஒயினை முகர்ந்தபோது பன்னீர் ரோஜா வாசம் குப்பென்று வந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு வண்டிவரைக்கும் வந்தேன். நீ கண்ணாடியை இறக்கவில்லை. அப்படியே திரும்பிப் போய் வாளியில் ஊற்றினேன். உன் மூக்கு அந்த வாசத்தைப் பார்க்கவே இல்லை. இனி பார்க்குமா என்று தெரியவில்லை என்று அண்ணி சொன்னபோது எனக்கு அந்தக் கோப்பைதான் கண்முன் வந்தது.

வேலை கிடைத்தது. "மசாலா மூக்கு" என்றுதான் என்னை அங்கே சொல்வார்கள், பாராட்டாக. நோட்டுப் புத்தகத்தில் அந்த நாலு நாள் பக்கங்களில் இருப்பதெல்லாம் உன் சொற்கள். திப்பிலி, சாதிக்காய், நனைந்த கோணி, வெட்டிவேர் தட்டி. அதை வைத்துத்தான் தேர்வு எழுதினேன். அதை வைத்துத்தான் இன்றும் பேசுகிறேன்.

போன மாதம் அந்த நிலவறைக்குத் திரும்பப் போனேன். அன்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று பெரியவரிடம் சொல்லத்தான். அவர் இல்லை. மூன்று வருஷம் ஆகிறதாம். மகள் நடத்துகிறாள், என்னைவிடச் சின்னவள். அவளிடம் சொல்லி என்ன ஆகும்? ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்ப வேண்டும். அங்கே ஆள் இல்லாததால் இங்கே சொல்கிறேன். 2018 அக்டோபரில் ஆர்புவா பக்கத்து நிலவறையில் வெந்தயம் என்று சொன்னது நான் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றவர் என் டிரைவர் இல்லை. என் கூடப் பிறந்த அண்ணன்.

டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்வதாக அண்ணி சொன்னார். ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு, காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர்வது. மூன்று மாதம் செய்துவிட்டு நிறுத்திவிட்டாயாம். அதை நிறுத்தாதே. கிராம்பு டப்பாவைத் திறக்கும்போது போன் நகரத்து நிலவறையை நினைத்துக்கொள். ஈரக்கல், புது மரம், அதற்குப் பின்னால் கிராம்பு. நீ எனக்குச் சொன்னதைத்தான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. பாட்டில் எதுவும் கொண்டுவர மாட்டேன், பயப்படாதே. கடையில் மிஞ்சிய சரக்கெல்லாம் மூட்டையாகவே கிடக்கிறது என்றார் அண்ணி. உட்கார்ந்து பிரிக்கலாம். எது பூசணம், எது நல்லது என்று நான் முகர்ந்து சொல்கிறேன். விலையை நீ சொல்.

வர வேண்டாம் என்றால் நீயே போன் பண்ணு. அண்ணியை விட்டுச் சொல்லாதே.

பாப்பா