அம்மாவின் மீது அமர்ந்த ஒரு சொல்

அன்புத் தோழிக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்கு நீ எவ்வளவு கோபித்தாலும் தகும். அம்மா பக்கவாதத்தில் விழுந்து, சென்ற வாரம்தான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினாள்.

அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘இன்கான்டினென்ட்’ என்று ஒரு சொல் இருந்தது. சிறுநீர் அவளையறியாமல் பிரிந்துவிடுகிறது என்பதற்குமேல் அதற்கு அங்கே பொருளில்லை. ஆனால் அண்ணன் மகன் அப்பாவின் பழைய அகராதியைப் புரட்டி, ‘தன்னடக்கமற்ற, இச்சைக்கு அடிமையான’ என்று முதலில் கண்ட பொருளைக் கட்டிலருகே நின்று உரக்கப் படித்துவிட்டான். 82 வயதில் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று முதல் தண்ணீர் குடிக்கவே மறுக்கிறாள். குடிக்காமலிருந்தால் சிறுநீர் அடர்ந்து, சிறுநீர்ப்பையை உறுத்தித் தொல்லையைக் கூட்டும் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்பதில்லை.

அகராதி பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை வதைக்கிறது. சேர்த்துப் பிடித்தல் என்னும் பொருள்கொண்ட லத்தீன் வினையிலிருந்து பிறந்த அந்தச் சொல், 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்தபோது இச்சையை அடக்காதவரையே சுட்டியது; நோயாளியின் உடலுக்கு அது வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் விவிலியம், இரண்டாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரத்தில், கொடியோர் வரிசையில் அதை நிறுத்துகிறது. நம் வேதாகமம் அதே இடத்தில் ‘இச்சையடக்கமில்லாதவர்கள்’ என்கிறது. ‘உடனே’ என்ற வேறொரு பொருளும் அதற்கு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் ரோடரிகோ ‘இன்கான்டினென்ட்லி’ நீரில் மூழ்கப்போவதாகச் சொல்லும் வரியை நீ மேடையில் மூன்று முறை சொன்னாயே, அதை நான் மறப்பேனா?

அரிஸ்டாட்டில் ‘அக்ரசியா’ என்றதை மொழிபெயர்த்தோர் பலர் இந்தச் சொல்லின் பெயர்வடிவமான ‘இன்கான்டினென்ஸ்’ என்பதையே எடுத்தாண்டனர். நல்லது எதுவென்று அறிந்தும் இச்சைக்கு வசப்பட்டு, பின் அதற்காக வருந்துபவனின் நிலை அது. அம்மா எதற்கு வசப்பட்டாள்? மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே போகும் செய்தி அறுபட்டிருக்கிறது. அவளுடைய மனவுறுதிக்கு அதில் வேலையே இல்லை. ஆயினும் ஆங்கிலத்தில் அந்த அடைமொழி உறுப்பை விட்டுவிட்டு ஆள்மீது போய் அமர்கிறது. நாம் ‘சிறுநீர் நிற்கவில்லை’ என்கிறோம். எழுவாய் சிறுநீர், அம்மா அல்லள். இந்த வேறுபாட்டை வகுப்பில் இத்தனை ஆண்டுகள் இலக்கணமாக மட்டுமே கற்பித்திருக்கிறோம்.

நேற்று அவளிடம் அதைத்தான் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமலிருந்தாள். பிறகு அரை டம்ளர் குடித்தாள். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவள் கேட்கும் முன்பே, கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப் போகிறேன்.

உன் மாமியாருக்கு இதே துன்பம் வந்தபோது அவரிடம் எந்தச் சொற்களில் பேசினாய் என்று விவரமாக எழுது. பொங்கலுக்கு வரும்போது முதலில் அம்மாவின் அறைக்குப் போ. உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் தோழி