நரம்பறிவியல் பிஎச்டி: தமிழ் மாணவர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளை நடத்தும் செயற்குழுவினருக்கு,

வணக்கம். நரம்பறிவியல் முனைவர் படிப்பு பற்றிய பேச்சு இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தரவரிசையில் தொடங்கி, அனுமதிக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது. மாணவர்கள் திணறுவதோ அதற்குப் பிறகுதான். அடுத்த முறை பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறைத்து, ஆய்வகத்தைப் பற்றிக் கூடுதலாகப் பேசுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

விண்ணப்பம் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் மாணவர் துறைக்கு விண்ணப்பிக்கிறார். பல துறைகளில் கடைசி நாள் டிசம்பர் தொடக்கத்தில் வரும். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். இடத்தை ஏற்பதா என்று ஏப்ரல் 15க்குள் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் ரொட்டேஷன் (சில வாரங்கள் வேலை செய்து பார்ப்பது) முடித்த பிறகே மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பல துறைகள் இப்போது கேட்பதே இல்லை. (அதற்கும் டியூஷன் தேடும் பெற்றோரிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.) இங்கே சிங்கப்பூரில், டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் ரொட்டேஷன் உண்டு; வேறு பல இடங்களில் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அரசு ஆய்வு அமைப்பான ஏ*ஸ்டாரின் சிங்கா உபகாரச் சம்பளம் வெளிநாட்டு மாணவர்களுக்கானது. சிங்கப்பூரர்களுக்கு உரிய திட்டங்களோடு சேர்த்து அதை ஒரே ஸ்லைடில் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் அரைப் பக்கம் போதும்: அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் எந்தக் கேள்வி உங்களை இழுத்தது, எந்தச் செய்முறை உங்களுக்குக் கைவரும். “சிறு வயதிலிருந்தே மூளைமீது ஆர்வம்” என்று தொடங்கும் நோக்க அறிக்கைகளைத் தேர்வுக் குழு ஏராளமாகப் பார்த்திருக்கும். எந்தச் சோதனை செய்தீர்கள், ஒப்பிட வைத்த கன்ட்ரோல் எது, எது சரிவரவில்லை, ஏன் என்று எழுதியிருந்தால் நின்று படிப்பார்கள். பரிந்துரைக் கடிதங்களும் அப்படித்தான். பாடத்தில் ‘ஏ’ கொடுத்த விரிவுரையாளரைவிட, நீங்கள் ஆய்வகத்தில் வேலை செய்ததை நேரில் பார்த்தவரின் கடிதத்துக்கே எடை அதிகம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை வேறு. அந்த ஆய்வகத்தில் கடைசியாக முடித்தவர்கள் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள்? விலங்கு ஆய்வுக்கு ஒப்புதல் ஏற்கெனவே இருக்கிறதா, புதிதாக வாங்க வேண்டுமா? பேராசிரியர் இல்லாத நேரத்தில் மாணவர்களிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஏனென்றால் உபகாரச் சம்பளம் பெரும்பாலும் நான்கு ஆண்டுதான். ஆய்வக விலங்குகளைப் பொறுப்புடன் கையாளும் பயிற்சியை முடித்து, நிறுவனத்தின் விலங்கு ஆய்வுக் குழு ஒப்புதல் தந்த பிறகே சுண்டெலியைத் தொடலாம். அதன் சினைக்காலம் சுமார் மூன்று வாரம். குட்டி இனப்பெருக்க வயதை எட்ட இன்னும் ஆறு முதல் எட்டு வாரம். இரண்டு மரபணு மாற்றங்களை ஒரே எலியில் சேர்க்க இரண்டு தலைமுறை வேண்டுமென்றால், ஏறக்குறைய அரை ஆண்டு போய்விடும். வேண்டிய மரபணு அமைப்பு நான்கில் ஒரு குட்டிக்கு மட்டும் வந்தால் கணக்கு இன்னும் நீளும். அதற்குமேல், மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வைரஸை ஊசியால் செலுத்தினால், அந்த மரபணு வெளிப்பட இரண்டு மூன்று வாரமாவது காத்திருக்க வேண்டும்.

நுண்ணிய கண்ணாடிக் குழாயால் ஒற்றைச் செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் கை படியவே மாதங்கள் ஆகும். மூளைச் சீவல்கள் சில மணி நேரமே உயிரோடிருக்கும். அவை மிதக்கும் திரவத்தில் 95 விழுக்காடு ஆக்சிஜன், 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயுவைக் குமிழவிட்ட பிறகே கால்சியம் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் காரத்தன்மை ஏறி, திரவம் கலங்கி, கால்சியம் படிந்துவிடும். அன்றைய எலியும் வீண். கணினி மாதிரி ஆய்வில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நேரியல் இயற்கணிதமும் பைத்தானும் சேரும் முன்பே கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டுவாக்கில் வரும் தகுதித் தேர்வில் பலர் மாட்டுவது ஒரே இடத்தில்: ஆய்வின் முதல் நோக்கம் பலித்தால்தான் இரண்டாம் நோக்கம் நிற்கும் என்று திட்டம் போடுவது. முதலாவது பொய்த்தாலும் தனியாக ஓர் அத்தியாயம் தரக்கூடிய வேலை ஒன்று கைவசம் வேண்டும்.

புள்ளியியலுக்கு உங்கள் நிகழ்ச்சிகளில் இடமே இருப்பதில்லை. ஐந்து எலிகளில் தலா 12 செல்களைப் பதிவுசெய்துவிட்டு மாதிரி எண்ணிக்கை 60 என்று எழுதுவது நரம்பறிவியலில் வழக்கமான பிழை. ஒரே எலியின் செல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், எலிகளுக்கிடையிலான ஒப்பீட்டில் உண்மையான எண்ணிக்கை ஐந்தை ஒட்டித்தான் இருக்கும். நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறன், அதாவது உண்மையிலேயே இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு, இடைநிலையில் 21 விழுக்காடுதான் என்று 2013-இல் வெளிவந்த ஓர் அலசல் மதிப்பிட்டது. ஆய்வேட்டைத் திருத்துபவர் இதைப் பிடித்தால், மறுபடி எலி வளர்க்க உபகாரச் சம்பளம் மிச்சமிருக்காது.

ஆகவே மேடையில் புதிதாக இடம் கிடைத்தவர்களோடு, மூன்றாம் ஆண்டில் இருப்பவர் ஒருவரையும் உட்காரவையுங்கள். தம் ஆய்வின் கால அட்டவணையை, முதலில் போட்டதையும் இப்போது இருப்பதையும், அவர் கொண்டுவரட்டும். அரங்கில் வரிக்கு வரி விளக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
நரம்பறிவியல் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுவோர் சிலர்
சிங்கப்பூர்