பீடி சுற்றித் தேய்ந்த விரல்களுக்கு ரேஷன் கடையில் மாற்று வழி கோரி மனு

அனுப்புநர்:
பீடித் தொழிலாளர் குடும்பங்கள் சார்பாக,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: கைரேகை பதியாத முதியோருக்கு ரேஷன் பொருள் மறுக்கப்படாதிருக்க உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் பல தெருக்களில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். நனைத்து வெட்டிய இலையில் புகையிலைத் தூளை வைத்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்குத்தான் கூலிக் கணக்கு. முப்பது நாற்பது வருஷம் இதையே செய்தவர்களின் விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடை மிஷின் கேட்பதும் அதே விரலைத்தான்.

எங்கள் வீட்டு ஆச்சி விரலை வைத்தால் ஆதாரில் உள்ள ரேகையோடு பொருந்தவில்லை என்று வரும். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். அப்புறம் தலைமுடியில் விரலைத் தேய்த்துக்கொண்டு வைப்பார். எண்ணெய்ப் பசை இருந்தால் பதியும் என்று யாரோ சொன்ன வைத்தியம். சில மாதம் அது பலிக்கவும் செய்கிறது! பலிக்காத மாதம், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, "நாளைக்கு வாங்க ஆச்சி" என்று பதில் வரும். நாளைக்குப் போனால் சர்வர் இருக்காது. அதற்குள் பருப்பும் பாமாயிலும் தீர்ந்துவிடும். ரேஷன் கடையில் பருப்பு கிலோ 30 ரூபாய். வெளியில் அந்த விலைக்கு யார் தருவார்கள்?

கைரேகை இல்லையென்றால் ஓடிபி என்கிறார்கள். கார்டில் இருக்கும் போன் நம்பர் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் மகனுடையது. அவர் ஷிப்டில் இருந்தால் போனை எடுக்க மாட்டார். எடுத்து நம்பரைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று காவல் துறையும் வங்கியும் படித்துப் படித்துச் சொல்கின்றன. ரேஷன் கடையிலோ வரிசையில் எல்லாரும் கேட்க அதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் எதை நம்புவது?

மிஷினே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வாங்காத பொருளுக்குப் பில் விழுந்த காலம் எங்களுக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கைரேகை கேட்கத் தொடங்கும்வரை, கார்டை நீட்டினால் ஆச்சிக்கு அரிசி கிடைத்தது. கடைக்காரருக்கு ஆச்சியை இன்றும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான் எங்கள் குறை.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சரிபார்ப்பு தவறியதற்காகத் தகுதியுள்ள எவருக்கும் பலன் மறுக்கப்படாது என்ற அரசுத் தரப்பின் உறுதியைப் பதிவு செய்தது. வேறு வழியில் அடையாளம் காட்டவும் இடம் வேண்டும் என்றது. கடைக்கு வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்கு வீடு தேடியே பொருள் வருகிறது. ஆனால் பீடி சுற்றுபவர்களுக்கு ஐம்பதிலேயே ரேகை அழிந்துவிடுகிறது. நடமாடத் தெம்பு உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்துவதில்லை.

ஆகவே, கைரேகை பதியாவிட்டால் கருவிழிப் பதிவு, அதுவும் முடியாவிட்டால் கார்டைப் பார்த்துப் பதிவேட்டில் ஒப்பம் வாங்கி அன்றைக்கே பொருள் தர வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறோம். வாய்மொழியாகச் சொன்னால் தணிக்கைக்குப் பயந்து எந்த விற்பனையாளரும் செய்ய மாட்டார். அந்த உத்தரவை ஒவ்வொரு கடை வாசலிலும் பெரிய எழுத்தில் ஒட்டச் செய்யுங்கள். கைரேகை புதுப்பிக்கவும் போன் நம்பர் மாற்றவும் பீடித் தொழிலாளர் அதிகமுள்ள ஊர்களிலேயே முகாம் நடத்தினால், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் பஸ் ஏற வேண்டியிருக்காது. பி.எஃப். பென்ஷனுக்கு வருஷாவருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிலும் இதே விரல் தொல்லைதான். அது மத்திய அரசு அலுவலகம் என்பது தெரியும். அவர்களையும் அதே முகாமுக்கு அழைத்தால் உதவியாக இருக்கும்.

இந்த மனுவுக்கும் கைபேசி எண் கேட்பார்கள். கொடுக்கிறோம். பதிலைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பாமல் தபாலிலும் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பீடித் தொழிலாளர் குடும்பத்தினர்